ஏசுநாதரின் திருமுகமும் ஆண்மையின் பொருளும்

கேரளத்தின் இடுக்கி மாவட்ட மலைச்சரிவுகளில், ஏலமும் மிளகும் விளையும் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு கத்தோலிக்க இல்லத்தில் நுழைபவரின் கண்ணில் முதலில் படுவது முன்னறைச் சுவரில் மாட்டப்பட்ட ஒரு திருவுருவப் படம். தோளில் புரளும் கூந்தல், மென்மையான தாடி, சற்றே சாய்ந்த தலை, கருணை ததும்பும் கண்கள். மார்பின் நடுவே, முட்கள் சுற்றிய இதயம் ஒன்று சுடர்விட்டு எரிகிறது. படத்தின் கீழே சிறிய சிவப்பு விளக்கு. மலையாளத்தில் இதனைத் 'திருஹ்ருதயம்' என்பர். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றி வாழும் தமிழ் பேசும் கத்தோலிக்கரிடமும் இதே படம்தான். அவர்கள் அதனைத் 'திரு இருதய ஆண்டவர்' என்பார்கள். மாலை மயங்கியதும் குடும்பம் அதன்முன் முழந்தாளிட்டுப் பிரார்த்திக்கிறது. பல வீடுகளில் மூதாட்டியே பிரார்த்தனையைத் தொடங்கிவைப்பார். உழைத்துக் களைத்த ஆண்கள் பின்வரிசையில் இருந்து பதில் சொல்வார்கள்.

அந்த ஆண்கள் எத்தகையவர்களின் வழித்தோன்றல்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப்போர் கொண்டுவந்த உணவுத் தட்டுப்பாட்டின்போது, உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகத் திருவிதாங்கூரில் காட்டு நிலங்கள் சாகுபடிக்குத் திறக்கப்பட்டன. பாலா, காஞ்சிரப்பள்ளி, சங்ஙனாச்சேரி முதலிய ஊர்களிலிருந்து சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள் மலையேறின. வேறு பல குடும்பங்கள் வடக்கே சென்று மலபாரின் காடுகளிலும், பாலக்காட்டின் மண்ணார்க்காடு, வடக்கஞ்சேரி மலையடிவாரங்களிலும் குடியேறின. மலேரியா, காட்டானை, ஓயாத மழை, பாதையற்ற காடு ஆகியவற்றுடன் போராடி அவர்கள் நிலத்தைத் திருத்தினார்கள். (அந்தக் காடுகள் ஏற்கெனவே பழங்குடி மக்களின் இல்லமாக இருந்தவை என்பது தனியே பேச வேண்டிய ஒரு துயரம்.) கோடரி பிடித்துக் காய்த்துப்போன கைகள் அவை. அந்தக் கைகள் மாலைதோறும் கூப்பி வணங்கிய தெய்வமோ, தன் நெஞ்சைத் திறந்து காட்டி நிற்கும் ஒரு சாந்த சொரூபம்.

வலிமையை நம்பி வாழ்ந்த மனிதர் மென்மையின் முன் மண்டியிட்டது ஏன்? இன்றைய கிறிஸ்தவ உலகில் ஒரு சாரார் இந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டுக் கேட்கிறார்கள்: இத்தனை மென்மையான ஒருவரை ஆண்மகன் எப்படித் தலைவராக ஏற்பான்?

முகம் இல்லாத சிலுவை

ஏசுநாதர் எப்படி இருந்தார் என்பதை நான்கு சுவிசேஷங்களில் ஒன்றுகூடக் கூறவில்லை. உயரம், நிறம், தாடி உண்டா இல்லையா என்பவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் தீட்டிய ஓவியங்களில் தாடியில்லாத இளம் மேய்ப்பன் ஒருவன் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்து நிற்கிறான். நீண்ட கூந்தலும் தாடியும் கொண்ட உருவம் அதற்குப் பின்னரே நிலைபெற்றது.

கேரளக் கிறிஸ்தவரின் பழைமையான வழிபாட்டுச் சின்னத்தில் உருவமே இல்லை. கோட்டயம் வலியபள்ளியிலும், 1547-ல் கண்டெடுக்கப்பட்டுச் சென்னைப் பரங்கிமலைக் கோயிலில் இன்றும் இருக்கும் கல்லிலும் காணப்படும் பஹ்லவி எழுத்துப் பொறித்த சிலுவைகளில் ஏசுவின் உடல் இல்லை. மலர் விரிந்தாற்போன்ற முனைகளையுடைய சிலுவை மட்டுமே உண்டு. திரு இருதயப் படத்தின் கதை மிகப் பிந்தியது. 1673-லிருந்து பிரான்சு நாட்டுக் கன்னித்துறவி மார்கரெட் மேரி அலகோக் பெற்ற தரிசனங்களால் இந்த வழிபாடு பரவியது. 1767-ல் பொம்பேயோ பத்தோனி என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த படமே பிற்காலப் படங்களுக்கெல்லாம் முன்மாதிரியாக அமைந்தது. இவ்வாறு, ஒரு கன்னித்துறவியின் உள்ளத்தில் தோன்றிய காட்சி கடல் கடந்து, சகாயத்ரியின் உச்சியில் கோடரி பிடித்த ஒரு விவசாயியின் வீட்டுச் சுவரை வந்தடைந்தது.

ஆண்மை தேடிய மேலைநாடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஒரு கவலை எழுந்தது. தேவாலயங்களில் பெண்களே நிறைந்திருக்கிறார்கள். தொழிற்சாலைக்கும் ராணுவத்துக்கும் போகும் இளைஞர்கள் மதம் பெண்களுக்குரியது என்று ஒதுங்குகிறார்கள் என்பதே அக்கவலை. சார்லஸ் கிங்ஸ்லி, தாமஸ் ஹியூஸ் ஆகிய இருவரும் உடல் உறுதியையும் விளையாட்டையும் பக்தியுடன் இணைத்து எழுதினர். பள்ளி வாழ்க்கையைப் பற்றிய ஹியூஸின் நாவல் 1857-ல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. 'தசைவலிமைக் கிறிஸ்தவம்' என்று விமர்சகர்கள் இந்த இயக்கத்துக்குப் பெயர் சூட்டினார்கள். 1879-ல் ஹியூஸ், கிறிஸ்துவின் ஆண்மை என்பதையே தலைப்பாகக் கொண்டு ஒரு நூல் எழுதினார். அவருக்கு நியாயம் செய்ய வேண்டும்: தசைவலிமையை அவர் ஆண்மை என்று கருதவில்லை, உண்மைக்காகத் தனித்து நிற்கும் மனத்திண்மையையும் பிறர்மீது கொள்ளும் பரிவையும் சேர்த்தே அச்சொல்லால் குறித்தார்.

அவருக்குப் பின்வந்தவர்கள் பரிவை விட்டுவிட்டுத் தசையை வைத்துக்கொண்டார்கள். பேஸ்பால் ஆட்டக்காரராக இருந்து பிரசங்கியான அமெரிக்கர் பில்லி சண்டே, ஏசுவை மல்லுக்கு நிற்கும் வீரராக மேடைகளில் சித்திரித்தார். விளம்பரத் துறையைச் சேர்ந்த புரூஸ் பார்ட்டன் 1925-ல் எழுதிய நூலில் ஏசு ஒரு தேர்ந்த வணிக நிர்வாகியாகவே மாறிவிட்டார். வார்னர் சால்மன் 1940-ல் தீட்டிய ஏசுவின் முகம் 50 கோடிப் பிரதிகளுக்கும் மேல் அச்சானதாகச் சொல்லப்படுகிறது. நம் ஊர் நாட்காட்டிகளிலும் அதன் சாயலைக் காணலாம். ஆண்மை மிக்க ஏசுவை வரைய வேண்டும் என்று தம் ஆசிரியர் ஒருவர் கேட்டுக்கொண்டதாக அந்த ஓவியர் கூறியிருக்கிறார். அவர் வரைந்து முடித்த படத்தையோ, பெண்தன்மை மிகுந்தது என்று பின்வந்தோர் குறை கூறினர்! 1990-ல் ஒரு கால்பந்துப் பயிற்சியாளர் தொடங்கிய ஆண்களின் இயக்கம் விளையாட்டு மைதானங்களை நிரப்பியது. 2001-ல் ஜான் எல்ட்ரெட்ஜ் எழுதிய நூல், போரிடுவதும் சாகசத்தைத் தேடுவதும் ஆண்மகனின் இதயத்தில் இறைவனே வைத்த வேட்கைகள் என்று கூறி லட்சக்கணக்கில் விற்றது. இப்போக்கு எங்கே கொண்டு சேர்த்தது என்பதை வரலாற்றாசிரியரான கிறிஸ்டின் கோபெஸ் டு மே என்ற கிறிஸ்தவப் பெண்மணியே 2020-ல் வெளியிட்ட நூலில் கடுமையாக ஆராய்ந்திருக்கிறார்.

நற்பயனும் விளையாமல் இல்லை. ஒய்.எம்.சி.ஏ. சார்பில் வந்த ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி, நாட்டின் விளையாட்டுக் கல்விக்கு அடித்தளம் இட்டது. உடலைப் பேணுவதில் தவறில்லை. ஆயின் உடலின் முறுக்கையே ஆன்மாவின் அளவுகோலாகக் கொள்ளும்போது சுவிசேஷத்தின் பெரும்பகுதியை மூடிவைக்க நேர்கிறது.

வீர ஏசுவை நாடுவோர் காட்டும் சான்று, அவர் ஆலயத்தில் நாணயம் மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்த நிகழ்ச்சி. அது உண்மையே. ஆனால் தம்மைக் கைது செய்ய வந்தபோது சீடரான பேதுரு வாளை உருவி ஒருவனின் காதை வெட்டியபோது, வாளை உறையில் இடச் சொன்னவரும் அவரே. வெட்டுண்ட காதைத் தொட்டுக் குணமாக்கினார் என்கிறார் லூக்கா. நண்பர் லாசரஸின் கல்லறையருகே அவர் எல்லார் முன்னிலையிலும் அழுதார். ஜெருசலேம் நகரை நோக்கி, குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைக்கும் தாய்க்கோழிக்குத் தம்மை ஒப்பிட்டார். இறுதி இரவில் அடிமை செய்யும் வேலையைத் தாமே செய்து, சீடர்களின் பாதங்களைக் கழுவினார்.

இந்தப் பாதம் கழுவுதலைக் கேரளக் கிறிஸ்தவர் பெஸஹா வியாழனன்று நினைவுகூர்கின்றனர். தேவாலயத்தில் குருவானவர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவுவார். இரவில் வீட்டில் குடும்பத் தலைவர் புளிப்பில்லாத அப்பத்தைப் பிட்டு, மூத்தவர் முதல் இளையவர் வரை ஒவ்வொருவருக்கும் தம் கையால் கொடுப்பார். 2016-ல் போப் பிரான்சிஸ், லத்தீன் வழிபாட்டு முறையில் பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என விதியை மாற்றினார். சீரோ மலபார் சபை தன் பழைய மரபையே தொடர்வதென 2017-ல் தெரிவித்தது. ஒரு சபையின் வழிபாட்டு விதி அதன் உள்விவகாரம். வெளியார் தீர்ப்புக் கூற அதில் இடமில்லை. எனினும் குனிந்து பாதம் கழுவிய ஒருவரின் நினைவில், யார் முன் குனியலாம் என்ற கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

இக்கேள்வி இறையியல் வகுப்பறையோடு நிற்பதில்லை. குடித்துவிட்டு வீடு திரும்பி மனைவியிடம் கையோங்குபவனும் அதையே ஆண்மை என்று எண்ணிக்கொள்கிறான். கேரளக் கத்தோலிக்க சபை மதுவுக்கு எதிராகவே ஓர் அமைப்பை நடத்திவருகிறதென்றால், இத்துயரம் எத்தனை இல்லங்களைத் தொட்டிருக்க வேண்டும்! அத்தகையவனுக்கு வாள் ஏந்திய ஏசுவைக் காட்டுவதால் என்ன நன்மை விளையும்? இடுக்கி மலைகள் அண்மைக் காலத்தில் கண்ட பெரும் துணிச்சல் எது என்று கேட்டால், 2015 செப்டம்பரில் மூணாற்றில் நிகழ்ந்ததையே கூற வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், ஆண்களின் தலைமையை விலக்கிவைத்துத் தாங்களே சாலையில் அமர்ந்து போராடி, குறைக்கப்பட்ட போனஸை 20 விழுக்காடாகப் பெற்றார்கள்.

குரிசுமலையில்

இடுக்கி, கோட்டயம் மாவட்டங்களின் எல்லையில் உள்ளது வாகமண். புல்வெளி போர்த்த அங்கே மூன்று குன்றுகள் அடுத்தடுத்து உள்ளன: முருகன் மலை, முஸ்லிம்கள் போற்றும் தங்ஙள் பாறை, குரிசுமலை. புனித வெள்ளியன்று ஆயிரக்கணக்கானோர் குரிசுமலையில் ஏறுகிறார்கள். சிலர் மரச்சிலுவையைத் தோளில் சுமந்து செல்கிறார்கள். அந்த மலைப்பகுதியில் 1958-ல் பெல்ஜியம் நாட்டுத் துறவி பிரான்சிஸ் ஆசாரியாவும் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸும் ஓர் ஆசிரமத்தை நிறுவினார்கள். காவி உடை, தரையில் அமர்ந்து தியானம், எளிய சைவ உணவு, சிரியாக் மரபு வழிபாடு என அமைந்த வாழ்க்கை. துறவிகள் மாடு வளர்த்தார்கள், சாணம் அள்ளினார்கள், பால் கறந்தார்கள். சுற்றியிருந்த ஏழை விவசாயிகளுக்கும் பால்மாடு வருமானத்துக்கு வழியாயிற்று.

பிரான்சிஸ் ஆசாரியா சிஸ்டர்சியன் துறவு மரபில் வந்தவர். இம்மரபைப் பற்றி நம் அன்பர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெர்னார்டு முதலிய சிஸ்டர்சியன் மடாதிபதிகள், ஏசுவை அன்னை என்றே அழைத்தார்கள். பாலூட்டும் தாயாக அவரைத் தியானித்தார்கள். மடத்தின் தலைவன் சீடர்களுக்குத் தாயாக இருக்க வேண்டும் என்று போதித்தார்கள். இவர்கள் பலவீனர்கள் அல்லர். சதுப்பு நிலத்தையும் காட்டையும் திருத்தி வயலாக்கிய உழைப்பாளிகள். 'ஏசு அன்னை' என்ற இந்த மரபை கரோலின் வாக்கர் பைனம் என்ற அறிஞர் 1982-ல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துரைத்தார். தசைவலிமைக் கிறிஸ்தவர் எவரும் இதைத் தேடிப் படித்ததாகத் தெரியவில்லை.

பீட் கிரிஃபித்ஸின் கதை இன்னும் நெருக்கமானது. 1906-ல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்து, தர்க்க அறிவில் ஊறியவர் அவர். 1955-ல் இந்தியா புறப்பட்டபோது, தம் ஆன்மாவின் மறுபாதியைத் தேடிச் செல்வதாக நண்பருக்குத் தெரிவித்தார். மேலைநாடு ஆண்மையும் தர்க்கமும் உடையது, கீழைநாடு பெண்மையும் உள்ளுணர்வும் உடையது என்பது அவரது கருத்து. இந்தப் பாகுபாட்டை அப்படியே ஏற்பதற்கில்லை. இந்தியரைப் பெண்தன்மையுடையவர் என்று இகழ்ந்த ஆட்சியாளரின் பேச்சும் இதே அச்சில் வார்க்கப்பட்டதுதான். ஆனால் அவர் தேடியது பொய்யானதன்று.

பத்தாண்டுகள் குரிசுமலையில் வாழ்ந்தபின், 1968-ல் அவர் குளித்தலையருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் உள்ள சாந்திவனத்துக்கு வந்தார். 1990 ஜனவரியில் ஒரு நாள் காலை, குடிசையில் தியானத்தில் அமர்ந்திருந்தபோது பக்கவாதம் தாக்கியது. மரணம் வந்துவிட்டது என்றே கருதினார். அந்நிலையில், தாயிடம் சரணடைய வேண்டும் என்ற உணர்வு உள்ளிருந்து எழுந்தது. சரணடைந்தார். அன்பு வெள்ளம் அலையலையாகத் தம்மீது பாய்ந்ததாகவும், அதைத் தாங்க முடியுமா என்று கலங்கியதாகவும் பின்னர் கூறினார். அதுவரை தாம் அறிவாலும் ஆண்தன்மையாலுமே வாழ்ந்துவந்ததாக 83 வயதில் உணர்ந்தார். அதன்பின் அவரைக் கண்டவர்கள், எளிதில் கண் கலங்குபவராக, குழந்தை போன்றவராகக் கண்டார்கள். 1993 மே 13-ஆம் நாள் அதே ஆசிரமத்தில் உடலை நீத்தார்.

சாந்திவனத்தைத் தொட்டுச் செல்லும் காவிரி, கிழக்கே சிறிது தொலைவில் திருச்சிராப்பள்ளியை அடைகிறது. வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாமல் தவித்த கர்ப்பிணிப் பெண்ணுக்கு, தாயின் உருவில் வந்து பேறுகாலம் பார்த்த சிவபெருமான் அங்கே தாயுமானவராக எழுந்தருளியிருக்கிறார். திருமங்கையாழ்வாரோ வேல் ஏந்திப் போர் புரிந்த தலைவர், வழிப்பறியும் செய்தவர். அவரே திருமாலின் முன் பரகால நாயகியாக, பிரிவாற்றாமையில் வாடும் பெண்ணாகப் பாடினார். வேல் பிடித்த கைக்கு அதனால் இழுக்கு வந்ததாகத் தமிழகம் என்றும் எண்ணியதில்லை.

தட்சிணேசுவரத்திலும் ஆன்ட்பூரிலும்

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் மதுரபாவ சாதனையின்போது பெண்ணுடை தரித்து, பெண்கள் நடுவே அவர்களில் ஒருவராகவே மாதக்கணக்கில் வாழ்ந்தார். 1874-ல் யது மல்லிக்கின் தோட்ட வீட்டில் அவரை ஈர்த்த படம், அன்னை மேரியின் மடியில் குழந்தை ஏசு அமர்ந்திருக்கும் படம். அதிலிருந்து ஒளிக்கதிர்கள் தம் நெஞ்சில் புகுவதை அவர் உணர்ந்தார். மூன்று நாட்கள் காளி கோயிலுக்கும் செல்லவில்லை. பிறகு பஞ்சவடியில் நடந்துகொண்டிருந்தபோது, பெரிய விழிகளும் சற்றே சப்பையான மூக்கு நுனியும் கொண்ட ஒரு தெய்வீக புருஷர் அவரை நோக்கி வந்து, தழுவி, அவருள் கலந்தார். அவர் கண்ட ஏசு வாளோடு வரவில்லை.

சுவாமி விவேகானந்தர் வலிமையைப் போதித்தவர் என்பதை அனைவரும் அறிவர். 1897-ல் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவில், கீதையைக் கற்பதற்கு முன் கால்பந்து ஆடி உடலை உறுதியாக்குங்கள் என்ற பொருளில் அவர் இளைஞர்களிடம் பேசினார். அடிமைப்பட்டு, கோழைகள் என்று இகழப்பட்டுக் கூனிக்கிடந்த ஒரு சமுதாயத்துக்கு அந்த மருந்து தேவைப்பட்டது. ஆனால் இன்று உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர்களில் கைகட்டி நிற்கும் சுவாமிஜியின் படத்தைப் பார்ப்போரில் பலர், மேலைநாட்டார் ஏசுவுக்குச் செய்ததையே அவருக்கும் செய்துவிடுகிறார்கள். முழங்கும் குரலை எடுத்துக்கொள்கிறார்கள், கண்ணீரை விட்டுவிடுகிறார்கள்.

1893-ல் அமெரிக்கா புறப்படுவதற்குச் சற்று முன், அபுரோடு ரயில் நிலையத்தில் சகோதரத் துறவியரான பிரம்மானந்தரையும் துரியானந்தரையும் அவர் சந்தித்தார். நாடெங்கும் மக்களின் வறுமையைக் கண்டு திரும்பியிருந்த நேரம் அது. தம் இதயம் பெரிதும் விரிந்துவிட்டது, பிறருக்காக வருந்தக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னவர், மேலே பேச முடியாமல் கண்ணீர் விட்டார். துரியானந்தர் வாயிலாக நமக்குக் கிடைத்த நினைவு இது. சிகாகோ மேடையில் நின்றவர் இந்தக் கண்ணீருடன்தான் கப்பல் ஏறினார்.

1886 டிசம்பர் 24-ஆம் நாள் இரவு, ஆன்ட்பூர் கிராமத்தில் பாபுராமின் வீட்டில், தீ மூட்டி அதைச் சுற்றி இளைஞர்கள் அமர்ந்திருந்தார்கள். நரேந்திரர் ஏசுநாதரின் வாழ்வையும் துறவையும் விவரித்தார். உலகின் நன்மைக்காகத் தாங்களும் அவ்வாறே வாழ்வதென அவர்கள் உறுதி பூண்டார்கள். அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது பின்னரே அவர்களுக்குத் தெரியவந்தது. அங்கிருந்த இளைஞர்களில் ஒருவரான பாபுராம் பிற்காலத்தில் சுவாமி பிரேமானந்தர் ஆனார். பேலூர் மடத்துக்கு எந்நேரத்தில் யார் வந்தாலும், தாமே அடுப்பு மூட்டிச் சமைத்துப் பரிமாறிய அவரை மடத்தின் அன்னை என்றே எல்லாரும் அழைத்தார்கள்.

தட்சிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணரின் அறைச் சுவரில், தெய்வப் படங்களுக்கு இடையே ஏசுநாதரின் படம் ஒன்றும் இருந்தது. பக்தர் 'ம' அதைக் குறித்துவைத்திருக்கிறார். பேதுரு நீரில் மூழ்கிக்கொண்டிருக்கிறார். ஏசு கைநீட்டி அவரைத் தூக்குகிறார். காலையும் மாலையும் அந்தப் படத்தின் முன்பும் தூபம் காட்டப்பட்டது.